தீக்குச்சிகளை ஆட வைத்தவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

தாதாசாகேப் பால்கே என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம் கல்லூரியில் இருக்க மாட்டார்கள். இந்தியத் திரையுலகில் அரும்பணி ஆற்றியவர்களுக்கு நடுவண் அரசு அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் பெற்றார், இயக்குநர் கே. பாலசந்தர் பெற்றார், ரஜினிகாந்த் பெற்றார். ஆனால் அந்தப் பால்கே யார், அவர் என்னதான் செய்தார் என்று கேட்டால், 'ராஜா ஹரிச்சந்திரா' என்ற படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நம்மில் பலரும் நின்றுவிடுவோம். இவ்வாண்டு வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

நமது கல்லூரியில் இவ்வாண்டு நடைபெற்ற அனிமேஷன் பயிற்சி வகுப்பில் நானும் சேர்ந்தேன். அனிமேஷன் என்றதும் பெரிய பெரிய கணிப்பொறிகளின் முன்னே அமரப் போகிறோம் என்று எண்ணிச் சென்ற எங்களுக்கு முதல் நாள் ஏமாற்றமே காத்திருந்தது. பேராசிரியர் ஒவ்வொருவரையும் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொண்டுவரச் சொன்னார். அதன் ஓரத்தில், பக்கத்திற்குப் பக்கம் சிறிது சிறிதாக இடம் மாற்றி, ஒரு பந்தை வரையச் சொன்னார். நாற்பது பக்கங்கள் வரைந்து முடித்து விரலால் விர்ரென்று புரட்டியபோது, பந்து துள்ளியது! அசையாத படங்களை விரைவாக அடுத்தடுத்துக் காட்டினால், கண்ணும் மூளையும் சேர்ந்து அவற்றை ஓர் அசைவாகக் கண்டுகொள்கின்றன. அசைவூட்டக் கலை முழுவதற்கும் அடிப்படை இதுதான்.

அன்றைய வகுப்பில்தான் பால்கேயைப் பற்றிய ஒரு செய்தியையும் பேராசிரியர் சொன்னார். பால்கே தமது புதிய காமிராவால் முதலில் எடுத்துக் காட்டிய படம் அரிச்சந்திரன் கதை அன்று. தொட்டியில் முளைத்த ஒரு பட்டாணிச் செடியின் கதை! அச்செய்தி என் மனத்தைப் பற்றிக்கொண்டது. அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

இளமையும் கல்வியும்

மராட்டிய நாட்டில் நாசிக் நகருக்கு அருகில் உள்ள திரியம்பகேஸ்வரம் என்னும் திருத்தலத்தில் 1870 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் பிறந்தவர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. தந்தையார் வடமொழி கற்ற பண்டிதர். அவருக்கு மும்பையில் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணி கிடைக்கவே, குடும்பம் அந்நகருக்குக் குடியேறிற்று. சாத்திரம் பயின்ற குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கோ ஓவியத்தின்மேல்தான் நாட்டம் சென்றது. 1885 ஆம் ஆண்டு மும்பை சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்து ஓவியம் பயின்றார்.

அதன்பின் அவர் பரோடா சென்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவில் 1890 ஆம் ஆண்டு அங்கே கலாபவன் என்னும் தொழிற்கலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் முதல்வர் கஜ்ஜர் என்னும் வேதியியல் அறிஞர். இளைஞர் பால்கேயின் ஆர்வத்தைக் கண்ட அவர், கல்லூரியின் புகைப்படக் கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அவருக்கு இடம் கொடுத்தார். புகைப்படம் எடுத்தல், இருட்டறையில் கழுவி அச்சிடுதல், அச்சுக்கட்டை செய்தல், உருவங்கள் வார்த்தல் ஆகிய பலவற்றையும் பால்கே அங்கே கற்றார். பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்த வித்தைகளில் பெரும்பாலானவை இந்தக் கல்லூரிக் கூடத்தில் கற்றவையே. ஒரு முதல்வர் ஒரு மாணவனுக்கு ஓர் அறையின் சாவியைக் கொடுப்பது சிறிய செயல்தான். அதன் பயன் எத்துணைப் பெரிதாயிற்று, பாருங்கள்!

தொழில்கள் பல, தோல்விகள் பல

படிப்பு முடிந்ததும் வாழ்வு மலர்ந்துவிடவில்லை. கோத்ரா என்னும் ஊரில் புகைப்படத் தொழில் தொடங்கினார். அக்காலத்தில் மேற்கிந்தியாவைச் சூறையாடிய பிளேக் நோய் அவருடைய முதல் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. பின்னர் ஜெர்மானியர் ஒருவரிடம் செப்படி வித்தை பயின்று, தம் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டுக் 'கெல்பா' என்று பெயர் சூட்டிக்கொண்டு மேடையேறினார். 1902 ஆம் ஆண்டு சரஸ்வதிபாயை மணந்தார். அடுத்த ஆண்டு தொல்பொருள் ஆய்வுத் துறையில் வரைவாளராகவும் புகைப்படக்காரராகவும் பணியில் அமர்ந்தார். சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய காலத்தில், 1906 ஆம் ஆண்டு அந்த அரசு வேலையை உதறினார். சொந்தமாக அச்சகம் தொடங்கினார். வண்ண அச்சுப் பொறிகள் வாங்க 1909 ஆம் ஆண்டு ஜெர்மனிக்கும் சென்று வந்தார். அச்சகம் நல்ல பெயர் எடுத்தது; எனினும் கூட்டாளிகளோடு மனவேறுபாடு ஏற்பட்டு, அதையும் விட்டு வெறுங்கையோடு வெளியேறினார்.

அப்போது அவருக்கு வயது நாற்பது. கையில் தொழில் இல்லை. வீட்டில் பிள்ளைகள். ஊராரின் பார்வையில் அவர் எதிலும் நிலைக்காத மனிதர்.

கனவும் கண்ணும்

இந்த நிலையில்தான் 1910, 1911 ஆம் ஆண்டுகளையொட்டி மும்பையில் ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் பேசாப் படம் ஒன்றைப் பால்கே பார்த்தார். திரையில் ஏசுபெருமான் நடமாடுவதைக் கண்டவர், இவ்வாறே கண்ணனும் இராமனும் நம் மக்களின் கண்முன் நடமாடினால் என்ன என்று எண்ணினார். மறுமுறை மனைவியையும் அழைத்துச் சென்று காட்டினார். அன்றிலிருந்து படங்களைப் பார்ப்பதும் அவை ஆக்கப்படும் முறையை ஆராய்வதுமே அவர் வேலையாயின. ஓய்வின்றி உழைத்ததால் கண்பார்வை மங்கி, ஒன்றும் தெரியாத நிலை வந்தது. நல்ல கண் மருத்துவர் ஒருவரின் சிகிச்சையாலும் மூக்குக் கண்ணாடிகளாலும் பார்வை மீண்டது. மீண்ட கண்களோடு அவர் மறுபடியும் படம் பார்க்கவே போனார்!

தமது ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் திரட்டி, 1912 பிப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பலேறினார். சினிமா வார இதழ் ஒன்றின் ஆசிரியரைத் தாமாகவே தேடிச் சென்று அறிமுகம் செய்துகொண்டார். அவர் வாயிலாக ஹெப்வொர்த் என்னும் புகழ்பெற்ற படத்தயாரிப்பாளரின் கூடத்தில் படம் எடுக்கும் முறைகளை நேரில் கண்டார். வில்லியம்சன் காமிரா ஒன்றையும், பிலிமின் ஓரத்தில் துளையிடும் பொறியையும் வாங்கிக்கொண்டு ஏப்ரல் முதல் நாள் மும்பை திரும்பினார். அவர் அங்கே கற்றது சில வாரங்களே. கலாபவனில் கற்ற அடிப்படைகள் கையில் இருந்தமையால் அந்தச் சில வாரங்கள் போதுமானவையாயின.

பட்டாணிச் செடி

காமிரா வந்துவிட்டது, முழுநீளப் படம் எடுக்கப் பணம் இல்லை. சினிமா என்றால் என்னவென்று அறியாதவர்கள் எப்படிப் பணம் தருவார்கள்? பால்கே ஒரு வழி கண்டார். தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றிக் காமிராவின் முன் வைத்தார். ஒரு மாதத்திற்கு மேலாக நாள்தோறும் அதைப் படம் பிடித்தார். திரையிட்டபோது, விதை முளைத்து, இலை விட்டு, கொடியாய் ஏறுவதை ஒரு நிமிட அளவில் கண்ட நண்பர்கள் வியந்து போயினர். நட்கர்னி என்னும் நண்பர் கடன் கொடுக்க முன்வந்தார். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்திற்கு முதல் போட்டது, ஒருவகையில், அந்தப் பட்டாணிச் செடிதான்!

நாளுக்கு ஒரு படமாக எடுத்தார் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். இயற்பியல் படிக்கின்ற எனக்கு இதைக் கணக்கிட்டுப் பார்க்கத் தோன்றியது. பேசாப் படக் காலத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடின. அப்படியானால் ஒரு நிமிடத்திற்கு 960 படங்கள் தேவை. முப்பது, நாற்பது நாள்களில் 960 படங்கள் வேண்டுமானால், ஒவ்வொரு நாளும் இருபது, முப்பது முறையேனும் காமிராவின் கைப்பிடியைச் சுழற்றியிருக்க வேண்டும். அத்தனை நாளும் தொட்டி நகரக் கூடாது. காமிரா அசையக் கூடாது. அவருடைய பொறுமை நாம் கேள்விப்படுவதைவிடப் பெரியது என்பதே இக்கணக்கிலிருந்து நான் கண்டது.

எங்கள் வீட்டுத் தொட்டி

வகுப்பில் இதையே எங்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கரிசல் காடு. பட்டாணி எங்கள் மண்ணில் இல்லை, பாசிப்பயறு உண்டு. உடைந்த வாளியில் கரிசல் மண்ணை நிரப்பி, நான்கு பயறுகளை ஊன்றி, கைப்பேசியை இரண்டு செங்கற்களுக்கு இடையே நிறுத்தினேன். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை அரைமணிக்கு ஒரு படம் எடுப்பதாகத் திட்டம்.

முதல் முயற்சி பாழாயிற்று. ஒவ்வொரு முறையும் கைப்பேசியை எடுத்து எடுத்து வைத்ததால், ஓட்டிப் பார்த்தபோது செடி வளரவில்லை. பேய் பிடித்தது போலக் குதித்தது. இரண்டாம் முறை, கைப்பேசியை வைத்த இடத்தை விட்டு எடுப்பதே இல்லை என்று முடிவு செய்தேன். ஆனால் பகலில் நான் கல்லூரியில் இருப்பேனே? அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஏழு நாள் கழித்து எண்ணிப் பார்த்தேன். நாளுக்கு 25 வீதம் 175 படங்கள், ஒன்றுகூடக் குறையவில்லை. வாரம் முழுவதும் எந்த வேலையில் இருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை வந்து, கை ஆடாமல் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விநாடிக்கு 12 படங்கள் வீதம் ஓட்டியபோது அது பதினைந்து விநாடிகூட வரவில்லை. ஆனால் அந்தச் சிறு பொழுதில் நான் பிறந்தது முதல் பார்த்தும் பாராத ஒன்றைக் கண்டேன். தண்ணீர் ஊற்றியபோது கரிசல் மண் உப்பியது. காயக் காயச் சுருங்கி வெடித்தது. அந்த வெடிப்பின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு பயறு தலை நிமிர்ந்தது. மண் மூச்சு விடுவது போல இருந்தது.

வகுப்பில் திரையிட்டார்கள், அனைவரும் கை தட்டினார்கள். படத்தின் முடிவில் தயாரிப்பு என்று என் பெயர் வந்தது. என் பெயர் மட்டுமே வந்தது.

அரிச்சந்திரனும் சரஸ்வதிபாயும்

அதன் பிறகுதான் பால்கேயின் வரலாற்றில் நான் வேகமாகத் தாண்டிச் சென்ற ஒரு பகுதியைத் திரும்பப் படித்தேன். 'ராஜா ஹரிச்சந்திரா' உருவான காலத்தில் சரஸ்வதிபாய் தம் நகைகளை விற்கக் கொடுத்தார். அன்று விற்பனைக்கு வந்த பிலிமில் ஓரத் துளைகள் இராது. இருட்டில் அமர்ந்து அவற்றைத் துளையிட வேண்டும். அந்த வேலையை அவர் செய்தார். பிலிமைக் கழுவும் வேலையையும் கற்றுக்கொண்டார். வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்து நடிகர்மீது ஒளியைத் திருப்பினார். இவற்றோடு அறுபது, எழுபது பேருக்குச் சமைத்தும் போட்டார்.

பெண் வேடத்திற்குப் பெண்கள் எவரும் வர முன்வராத காலம் அது. உணவு விடுதியில் வேலை செய்து வந்த சாளுங்கே என்னும் இளைஞரே தாராமதியாக நடித்தார். பால்கேயின் மகனே அரிச்சந்திரனின் மகனானான். சுமார் ஏழு மாத உழைப்பில் 3,700 அடி நீளப் படம் உருவாயிற்று. 1913 மே 3 ஆம் நாள் மும்பை காரனேஷன் அரங்கில் மக்களுக்குத் திரையிடப்பட்டுப் பெரும் வெற்றி பெற்றது.

பால்கேயின் பெயரில் விருது இருக்கிறது. 1971 ஆம் ஆண்டு வெளிவந்த அஞ்சல் தலை இருக்கிறது. சரஸ்வதிபாயின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தீக்குச்சிகளின் ஆட்டம்

1914 இல் மூண்ட முதல் உலகப் போரால் பிலிமுக்கும் பணத்திற்கும் தட்டுப்பாடு வந்தது. பெரிய படம் எடுக்க இயலாத அந்நாள்களில் பால்கே சும்மா இருக்கவில்லை. சிறுசிறு படங்களை எடுத்தார். 1915 ஆம் ஆண்டையொட்டி அவர் எடுத்த ஒரு குறும்படம் 'தீக்குச்சிகளின் வேடிக்கை' என்று பொருள்படும் மராத்திப் பெயர் கொண்டது. தீக்குச்சிகளை வரிசையாக வைத்து, ஒரு படம் எடுத்து, குச்சியைச் சிறிது நகர்த்தி, மறுபடி ஒரு படம் எடுத்து, அவற்றை ஆட வைத்தார். பிரான்சு நாட்டில் எமீல் கோல் 1908 ஆம் ஆண்டிலேயே சுமார் 700 ஓவியங்களால் ஓர் அசைவூட்டப் படம் ஆக்கியிருந்தார். தீக்குச்சிகளையும் அசைத்துக் காட்டியிருந்தார். அக்கலையை இந்திய மண்ணில் முதலில் செய்து பார்த்தவர்களுள் பால்கே தலையாயவர். அந்தத் தீக்குச்சிப் படம் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. படம் எப்படி ஆக்கப்படுகிறது என்று மக்களுக்கு விளக்க 1917 இல் அவர் தனியே ஒரு குறும்படமும் எடுத்தார். கற்றதை மறைத்து வைக்கும் குணம் அவரிடம் இருந்ததில்லை.

தீக்குச்சி என்றதும் நம் விருதுநகர் மாவட்டத்தார்க்கு வேறொரு நினைவு வரும். சிவகாசியும் சாத்தூரும் நமக்கு அண்டை ஊர்கள் அல்லவா? அடுத்த பயிற்சிக்காக நான் வீட்டுத் தரையில் தீக்குச்சிகளைப் பரப்பி, ஒரு மனித உருவம் அமைக்கத் திணறிக்கொண்டிருந்தேன். குச்சிகள் கோணலாகவே விழுந்தன. பார்த்துக்கொண்டிருந்த அம்மா அருகில் அமர்ந்தார்கள். அளவுகோல் இன்றி, கண் இமைப்பதற்குள், ஒரே இடைவெளியில் குச்சிகளை வரிசையாக வைத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசில் மரச்சட்டத்தின் பள்ளங்களில் குச்சி அடுக்கிய விரல்கள் அவை. முப்பது ஆண்டுகள் ஆகியும் மறக்கவில்லை. அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய வயதில் அந்த வித்தை கைக்கு வந்தது என்பதை நினைத்தபோது, எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் குச்சி மனிதன் பத்து விநாடி நடந்தான். அதற்கு 120 படங்கள். நகர்த்திய கை பெரும்பாலும் அம்மாவுடையது.

இறுதிக் காலம்

பால்கே 1917 இல் எடுத்த 'லங்கா தகனம்' படத்தில் இராமனாகவும் சீதையாகவும் சாளுங்கே ஒருவரே நடித்தார். 1919 இல் வெளிவந்த 'காளிய மர்த்தனம்' படத்தில் பால்கேயின் மகள் மந்தாகினி குழந்தைக் கண்ணனாகத் தோன்றினாள். 1918 இல் கூட்டாளிகளோடு இந்துஸ்தான் சினிமா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். அச்சகத்தில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. கூட்டாளிகளோடு பிணங்கிக் காசிக்குப் போனார், பிறகு திரும்பினார். எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்னும் குணம் அவரை உயர்த்தியது. அதே குணம் அவரைத் தனிமைப்படுத்தவும் செய்தது. பெரியோர் வாழ்வை எழுதும்போது குறைகளை மறைப்பது வழக்கம். மறைத்தால் நமக்குப் பாடம் கிடைக்காது.

1931 இல் பேசும் படம் வந்தது. பேசாப் படத்தின் தந்தையால் அந்த வெள்ளத்தில் நீந்த இயலவில்லை. அவருடைய 'சேது பந்தன்' பேசாப் படமாகவே ஆக்கப்பட்டு, பின்னரே குரல் சேர்க்கப்பட்டது. 1937 இல் வெளிவந்த 'கங்காவதரணம்' அவர் இயக்கிய ஒரே பேசும் படம். அதுவே கடைசிப் படமும் ஆயிற்று. 1944 பிப்ரவரி 16 ஆம் நாள் நாசிக்கில் காலமானார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர், செல்வம் ஏதும் சேர்க்காமலே மறைந்தார்.

அவர் விதைத்தது வீண் போகவில்லை. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1956 இல், மும்பைப் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து நம் நாட்டு இளைஞர்களுக்கு அசைவூட்டக் கலையை முறையாகப் பயிற்றுவித்தார். அவ்விளைஞர்களுள் ஒருவரே பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை எனப் பெயர் பெற்ற ராம் மோகன். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். அறிவியல் மாணவர்க்கு இக்கலை அயலானது அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நண்பர்களே! விலை உயர்ந்த கணிப்பொறி இல்லையே, பட்டணத்தில் பிறக்கவில்லையே என்று இந்தப் பயிற்சியில் சேரத் தயங்கியவர்கள் நம்மில் உண்டு. சேர்ந்து, பத்து நாளில் ஒன்றும் அசையவில்லை என்று விட்டுப் போனவர்களும் உண்டு. நானும் முதல் முயற்சி பாழான அன்று விட்டுவிடத்தான் நினைத்தேன். ஐப்பசி மழையை நம்பி விதைத்துவிட்டு, நாள்தோறும் வரப்பில் நின்று வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு வரும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியை நம்பிக் காத்திருக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. பால்கேக்கு அந்தப் பொறுமை இருந்தது. உடன் உழைக்க ஒரு துணையும் இருந்தது.

நான் என் படத்தின் முடிவை மாற்றி அமைத்துவிட்டேன். ஒளிப்பதிவு என்ற இடத்தில் இப்போது அம்மாவின் பெயர் இருக்கிறது. வெறுமனே பொத்தானைத் தொட்டதற்கு எதற்குப் பெயர் என்று அம்மா கேட்டார்கள். ஆயினும் படத்தை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று முறையும், பெயர் வரும்வரை எழுந்து போகவில்லை.